தலையில் வலி, கழுத்தில் வேர்

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் திருவையாறு பக்கத்துக் கிராமக் குழு ஒன்றின் கணக்காளர் பேசியது. பேசியதை மலருக்காக அவரே எழுதித் தந்தது.)



நான் பத்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 1989-ல் தர்மபுரியில் முதல் குழுக்கள் ஆரம்பித்தபோது நான் கைக்குழந்தை. இன்றைக்கு அந்தக் குழுவால்தான் இந்த மைக் முன்னால் நிற்கிறேன்.

சேமிப்பு பற்றியும் கடன் பற்றியும் எனக்கு முன்னால் பேசியவர்கள் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். நான் தலைவலி பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள். முதலில் ஒரு கேள்வி. இங்கே இருப்பவர்களில் வாரத்துக்கு ரெண்டு நாளாவது தலை வலிக்கிறவங்க கையைத் தூக்குங்க பார்ப்போம்.

பாருங்கள், பந்தலில் பாதிக்கு மேல் கை இருக்கிறது. தூக்காதவங்களும் பக்கத்து அக்காவைப் பார்த்துக் கூச்சப்பட்டு இறக்கினதை நான் பார்த்தேன்.

நம்ம பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் ஊர் ஊராகப் போய் ஆராய்ச்சி பண்ணிப் பார்த்திருக்கிறார்கள். ஒரு வருஷத்துக்குள் தலைவலி வந்தவர்கள் நூற்றுக்கு 64 பேர். அதில் ஆண்களை விடப் பெண்கள் அதிகம். அதனால் இது உங்களுக்கோ எனக்கோ மட்டும் வந்த தலையெழுத்து இல்லை.

என் கதையைச் சொல்கிறேன்.

நான் வீட்டில் தையல் தைக்கிறேன். ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கிறது, ஓரம் மடித்துக் கையால் அடிக்கிறது, சேலைக்கு ஃபால்ஸ் வைக்கிறது எல்லாம் மடியில் வைத்துக் குனிந்து செய்கிற வேலை. நடவுக் காலத்தில் ஆள் பத்தாவிட்டால் வயலுக்கும் போவேன். இதோடு எங்கள் குழுவுக்குக் கணக்கு எழுதுவதும் நான்தான். தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, ஒவ்வொருவர் பாஸ் புத்தகம் என்று எல்லாவற்றையும் தரையில் பரப்பி, சம்மணம் போட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எழுதுவேன்.

வலி எப்போதும் ஒரே மாதிரிதான் வரும். பிடரியில் ஆரம்பிக்கும். வலது காதுக்குப் பின்னால் ஏறும். உச்சி வழியாக வந்து வலது புருவத்துக்கு மேல் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்தால் ராத்திரி வரைக்கும் எழுந்திருக்காது.

நான் பண்ணாத வைத்தியம் இல்லை. சுக்கை உரைத்துப் பற்றுப் போட்டேன். தைலம் தடவித் தடவி நெற்றித் தோல் கருத்துப் போனது. மாமியார் மிளகாய் சுற்றிப் போட்டார்கள். கண் பரிசோதனை பண்ணிக் கண்ணாடியும் போட்டாயிற்று. கடைசியில் பெட்டிக்கடை மாத்திரைதான் துணை. காலையில் ஒன்று, சாயந்திரம் ஒன்று. சில நாள் வெறும் வயிற்றிலேயே போட்டுக்கொள்வேன்.

எங்க அம்மாவும் இப்படித்தான். நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது, தலையில் ஒரு துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடவுக்குப் போவார்கள். பொம்பளைன்னா தலை வலிக்கும் என்று நினைத்துத்தான் நான் வளர்ந்தேன்.

இந்தத் தலைவலி எனக்குப் பெரிய அவமானத்தை உண்டாக்கிய ஒரு நாள் உண்டு. அதை இதுவரைக்கும் எங்கள் குழுவுக்கு வெளியில் சொன்னதில்லை.

அன்றைக்குக் குழுக் கூட்டம். சேமிப்பைக் கூட்டிப் பார்த்தால் 1,800 ரூபாய் உதைக்கிறது. கையில் பணம் இருக்கிறது, பேரேட்டில் குறைகிறது. மறுபடி கூட்டினோம். அதே 1,800. இந்த மாதம் இப்படி என்றால், போன மாதங்களில் எப்படியோ என்று ஒருவர் வாய்விட்டுக் கேட்டுவிட்டார். இன்னொருவர் அவர் வாயை அடைக்கப் போக, சத்தம் தெருவுக்குக் கேட்டது. ரெண்டு மணி நேரம். நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வலியில் எழுத்து ரெண்டு ரெண்டாகத் தெரிந்தது. அழுகை வந்துவிட்டது. நான் அழுததைப் பார்த்து, தப்பு பண்ணினவள்தான் அழுவாள் என்று யாராவது நினைத்திருப்பார்களோ என்று இன்றைக்கும் தோன்றும்.

எங்கள் ஊக்குநர் அக்காதான் பொறுமையாகக் கண்டுபிடித்தார்கள். கணக்காளர் பயிற்சியில் சொல்லித் தந்த ஒரு வழி அவர்களுக்கு ஞாபகம் இருந்தது. உதைக்கிற தொகை ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால், ஏதோ ஒரு எண்ணில் இலக்கத்தை இடம் மாற்றி எழுதியிருக்கலாம். 1,800-ஐ ஒன்பதால் வகுத்தால் 200. தேடிப் பார்த்தால், 3,100 என்று வர வேண்டியதை நான் 1,300 என்று எழுதியிருக்கிறேன். அவ்வளவுதான். பணம் எங்கேயும் போகவில்லை.

ஆனால் அன்றைக்கு ராத்திரி, இந்த வேலை எனக்கு வேண்டாம், எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று எங்க வீட்டுக்காரரிடம் சொன்னேன். கணக்கு எழுதுகிற வேலையை விட்டால் எனக்கு வீட்டுக்கு வெளியே வேறு பேர் கிடையாது. அது தெரிந்தும் சொன்னேன்.

விடாமல் இருந்ததற்குக் காரணம் ஒரு பெண். அவங்க வந்தது எனக்காக இல்லை. எங்கள் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து ஒரு கை ஒரு கால் விழுந்திருந்தது. மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கினது உங்களுக்குத் தெரியும். பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிற பெண் தன்னார்வலர்கள் நம்ம குழுக்களில் இருந்து போனவர்கள்தான். அதே திட்டத்தில், நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை, அதாவது பிசியோதெரபி செய்கிறார்கள். அப்படி மாமியாருக்குக் கைகால் பயிற்சி கொடுக்க ஒரு மேடம் வந்தார்கள். என்னைவிட வயது குறைந்தவர்.

அவங்க அத்தை காலை நீட்டி மடக்கிக்கொண்டிருக்கும்போது நான் திண்ணையில் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டு வந்து கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்கள்.

“அக்கா, உங்களுக்குத் தலை வலிக்குமா?”

“எப்படி மேடம் தெரியும்?”

“அரை மணி நேரமா நீங்க தலையைத் தூக்கவே இல்லக்கா.”

அதுவரைக்கும் எனக்குத் தலை வலிக்கிறதா என்று என்னைக் கேட்ட முதல் ஆள் அவங்கதான். அன்றைக்கும் அடுத்து வந்த நாட்களிலும் அவங்க சொன்னதைத்தான் உங்களிடம் ஒப்பிக்கிறேன்.

நம்ம தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைப் பார்த்திருக்கிறீர்கள். அதன் தலை தனி. உள்ளே ஒரு கம்பி முனையில் உட்கார்ந்திருக்கும். எடை நடுவில் இருக்கிறவரைக்கும் ஆடி ஆடித் தன் இடத்துக்கே வரும். நம் தலையும் அப்படித்தான். பெரியவர்களின் தலை ஏறக்குறைய 5 கிலோ. அது கழுத்தில் ஏழு எலும்பு அடுக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நேராக இருந்தால் எலும்பு சுமக்கிறது. தலை முன்னால் சாய்ந்தால், விழாமல் இழுத்துப் பிடிக்கிற வேலை பிடரிச் சதைக்கு வருகிறது.

5 கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரேஷன் கடையில் இருந்து வீட்டுக்கு வந்துவிடலாம். அதையே கையை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு பத்து அடி நடந்து பாருங்கள். பை அதேதான். தோள் கழன்று விழுகிற மாதிரி இருக்கும்.

கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற நியூயார்க் டாக்டர் 2014-ல் இதற்குக் கணக்குப் போட்டு வெளியிட்டார். தலை கொஞ்சமாக, 15 டிகிரி சாய்ந்தால் கழுத்துக்கு 12 கிலோ பாரம். 30 டிகிரி சாய்ந்தால் 18 கிலோ. மடியில் போனை வைத்துப் பார்க்கிற மாதிரி 60 டிகிரி தொங்கினால் 27 கிலோ. இது கம்ப்யூட்டரில் போட்ட கணக்கு, மனுஷக் கழுத்தில் தராசு வைத்து நிறுத்தது இல்லை என்றும் மேடம் சொன்னார்கள். ஆனால் குனியக் குனியப் பாரம் ஏறும் என்பதில் சந்தேகம் இல்லை.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கழுத்துச் சதை களைத்தால் கழுத்துதானே வலிக்கணும்? நெற்றி ஏன் வலிக்கிறது? அவங்க சொன்னதை நம்ம பாஷையில் சொல்கிறேன்.

ஒரு வடிகாலில் ரெண்டு வாய்க்கால் வந்து விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வடிகாலில் கலங்கல் தண்ணீர் வருகிறது. எந்த வாய்க்காலில் கரை உடைந்தது என்று கீழே நிற்கிறவனுக்கு எப்படித் தெரியும்? அதே மாதிரி, நெற்றி, கண், முகம் இவற்றின் உணர்ச்சியைக் கொண்டுபோகிற நரம்பும், கழுத்தின் மேல் பகுதியில் இருந்து வருகிற மூன்று ஜோடி நரம்புகளும் உள்ளே ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன. கழுத்தில் இருந்து வலி வந்தாலும் மூளை அது நெற்றியில் இருந்து வந்தது என்று எடுத்துக்கொள்கிறது. நாம் உடைப்பு ஒரு பக்கம் இருக்க, மறு பக்கம் மண் கொட்டுகிறோம். வருஷக்கணக்காக நான் நெற்றியில் பற்றுப் போட்டது அந்தக் கதைதான்.

கழுத்தில் இருந்து வருகிற தலைவலிக்குச் சில அடையாளம் உண்டு. பிடரியில் ஆரம்பிக்கும். பெரும்பாலும் ஒரே பக்கமாக இருக்கும். கழுத்தைத் திருப்பினால், ரொம்ப நேரம் குனிந்தால் கூடும். கழுத்து முழுசாகத் திரும்பாது. மண்டை ஓடும் கழுத்தும் சேர்கிற இடத்தை அழுத்தினால் அதே தலைவலி வரும்.

ஆனால் எல்லாத் தலைவலியும் கழுத்தால் வருவது இல்லை. இதை மேடம் மூன்று முறை சொன்னார்கள். ஒற்றைத் தலைவலி என்று சொல்கிறோமே, அது வேறு நோய். விண்விண்ணென்று தெறிக்கும், வாந்தி வரும், வெளிச்சமும் சத்தமும் ஆகாது. அதிலும் கழுத்து வலி வரும் என்பதால் நாமே முடிவு பண்ணக் கூடாது. ரத்தக்கொதிப்பு பார்க்கணும். கண் பார்க்கணும். ரத்தம் பார்க்கணும். நம்ம தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை என்று தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எனக்குப் பார்த்தபோது 9.8 இருந்தது. 12-க்குக் குறையக் கூடாதாம். அதற்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஆக, எனக்கே காரணம் ஒன்று இல்லை, ரெண்டு மூன்று இருந்தது.

அதில் ஒன்று எதுவென்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நான் போட்ட மாத்திரை. தலைவலி மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். சாதாரண பாராசிட்டமால் போன்றவற்றை மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும், பல மருந்து கலந்த மாத்திரையை 10 நாளும் அதற்கு மேலும், மாதக்கணக்கில் போட்டால் உடம்பு அதற்குப் பழகி, மாத்திரை இல்லாத நேரத்தில் வலியைக் கிளப்புகிறது. வலிக்கு மாத்திரை, மாத்திரையால் வலி. கந்து வட்டி மாதிரி. கடனை அடைக்கவே கடன் வாங்குகிற கஷ்டம் இங்கே உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். அதோடு வலி மாத்திரைகளில் பலது வயிற்றைப் புண்ணாக்கும், நாள்பட்டால் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

அதனால் மேடம் எனக்கு முதலில் கொடுத்த வேலை உடற்பயிற்சி இல்லை. கணக்கு எழுதுகிற வேலை. “ஊர்ப் பணத்துக்கு எழுதுறீங்க, உங்க தலைக்கும் ஒரு பேரேடு போடுங்கக்கா” என்றார்கள். ஒரு நோட்டில் கோடு போட்டேன். தேதி, வலி வந்ததா, எந்த வேலை செய்தபோது, மாத்திரை போட்டேனா. முதல் மாதம் முடிந்து கூட்டிப் பார்த்தால் வலி 23 நாள், மாத்திரை 19 நாள். எழுதிப் பார்க்கிறவரைக்கும், எப்போதாவது ஒன்று போடுகிறேன் என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நோட்டை எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டி, அவர் சொன்னபடி மாத்திரையைக் குறைத்தேன். முதல் பத்து நாள் வலி கூடத்தான் செய்தது. அது வரும் என்று முன்னாலேயே சொல்லியிருந்ததால் தாங்கினேன்.

அடுத்தது, உட்காருகிற விதம். நான் என்ன நினைத்தேன் என்றால், எப்போதும் கம்பு முழுங்கின மாதிரி விறைப்பாக உட்காரணும் போல என்று. அப்படி இல்லை. இதுதான் சரியான உட்காரல் என்று ஒன்றும் கிடையாதாம். எவ்வளவு நேராக இருந்தாலும் ஒரே நிலையில் அசையாமல் இருந்தால் சதை களைக்கும். குனிவது தப்பு இல்லை. குனிந்தபடியே கிடப்பதுதான் தப்பு. இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை தலையைத் தூக்கி, தோளைச் சுழற்றி, ரெண்டு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி உட்காரணும்.

நம்ம வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள்.

நடவு. மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறந்தால் குறுவை, அப்புறம் சம்பா, தாளடி என்று சேற்றில் குனிந்துதான் நிற்கிறோம். இடுப்பில் வளைந்து கை சேற்றில் இருக்கும். ஆனால் பக்கத்து வரிசையைப் பார்க்கவும் பேசவும் தலையை மேலே நிமிர்த்திக்கொண்டே இருப்போம். முதுகு கீழே, முகம் மேலே. அப்போது கழுத்து பின்பக்கமாக மடிந்து, மேல் மூட்டு நசுங்குகிறது. பேசுங்கள், பாடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்வை மட்டும் நாற்று வைக்கிற கையிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு முறை புது முடி எடுக்கும்போதும் முழுசாக நிமிர்ந்து ரெண்டு மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். களையெடுக்கிற இடத்தில், வரிசை நடவு போட்டிருந்தால் கோனோ வீடர் என்கிற உருளைக் கருவியை நின்றபடி தள்ளலாம். குழுவாகச் சேர்ந்து வாடகைக்கு எடுத்தால் எல்லாருக்கும் லாபம்.

தலைச்சுமை. நாற்றுக்கட்டு, புல்லுக்கட்டு, வைக்கோல் கட்டு. சும்மாடு இல்லாமல் தூக்காதீர்கள். பெரிய ஒரு கட்டை ரெண்டு நடையாகப் பிரியுங்கள். ஏற்றும்போதும் இறக்கும்போதும்தான் கழுத்து திருகிக்கொள்ளும். தனியாக ஏற்றாதீர்கள், ஒரு கை பிடிக்கச் சொல்லிக் கூப்பிடுங்கள். ஏற்கெனவே கழுத்து வலி இருக்கிறவர் தலையில் சுமக்கவே வேண்டாம்.

தையல், பூக்கட்டு, அருவாமணை, திருபுவனம் பக்கம் பட்டு நெசவு. எல்லாமே கண் வேலையை நோக்கிப் போகிற வேலை. வேலையைக் கண்ணை நோக்கிக் கொண்டுவர வேண்டும். நான் இப்போது மடியில் ரெண்டு தலையணை அடுக்கி அதன் மேல் துணியை வைத்துக் கொக்கி வைக்கிறேன். வெளிச்சம் பத்தாவிட்டால் முகம் தானாகத் துணிக்குள் போகும். அதனால் ஜன்னல் பக்கம் நகர்ந்துவிட்டேன். போனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளைத் திட்டுகிறோம். ராத்திரி சீரியலைப் போனில் பார்க்கும்போது நம்ம தலை எங்கே தொங்குகிறது என்று பார்த்துக்கொள்வோம்.

பயிற்சி மூன்றுதான். இருந்த இடத்தில் செய்து பாருங்கள்.

ஒன்று. நேராகப் பாருங்கள். தலையைக் குனியாமல், நிமிர்த்தாமல், நாடியை மட்டும் பின்னால் இழுங்கள். ரெட்டை நாடி தெரிகிற மாதிரி. ஐந்து எண்ணி விடுங்கள். பத்து முறை. எங்கள் வீட்டில் இதற்குக் கோழி பயிற்சி என்று பேர், கோழி தலையை முன்னும் பின்னும் இழுக்கிற மாதிரி இருப்பதால்.

ரெண்டு. தோள்பட்டை எலும்பு ரெண்டையும் பின்னால் சேர்த்து இறுக்குங்கள். காதுப் பக்கம் தூக்கக் கூடாது. ஐந்து எண்ணி விடுங்கள். பத்து முறை.

மூன்று. படுத்துக்கொண்டு செய்வது. தலையைத் தரையில் இருந்து தூக்காமல், ஆமாம் என்று சொல்கிற மாதிரி மெதுவாக நாடியை இறக்கி, பத்து எண்ணுகிறவரைக்கும் அப்படியே வைத்து விடுவது. இதில் பலம் காட்டக் கூடாது. கழுத்துக்குள்ளே ஆழத்தில் இருக்கிற சின்னச் சதைக்கு வேலை கொடுக்கிற பயிற்சி இது. ஆஸ்திரேலியாவில் கழுத்துத் தலைவலிக்காரர்கள் 200 பேரை வைத்து நடத்திய ஆராய்ச்சி 2002-ல் வெளிவந்தது. இந்த மாதிரி மெதுவான பயிற்சி ஆறு வாரம் கற்றுச் செய்தவர்களுக்கு வலி குறைந்தது, அந்தப் பலன் ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் நின்றது.

செய்யும்போது தலை சுற்றினால், கை மரத்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். சுளுக்கு எடுக்கிறேன் என்று கழுத்தை வெடுக்கென்று திருப்புகிறவர்களிடம் தலையைக் கொடுக்காதீர்கள். மூளைக்கு ரத்தம் போகிற குழாய் கழுத்து வழியாகப் போகிறது. அது கிழிந்தால் பக்கவாதம் வரும்.

இன்னொன்று. படம் எடுத்தால் கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது என்று எழுதி வரும். பயந்து வேலையெல்லாம் விட்டுவிடாதீர்கள். வலியே இல்லாத பலருக்கும் வயது ஏறினால் படத்தில் தேய்மானம் தெரியும். தலை நரைக்கிற மாதிரி அது.

ஆனால் பயப்பட வேண்டிய தலைவலி எது என்று எல்லாரும் மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள். இடி விழுந்த மாதிரி திடீரென்று, வாழ்நாளில் வராத அளவுக்கு வருகிற வலி. காய்ச்சலோடு கழுத்து விறைப்பது. முகம் கோணுவது, பேச்சுக் குழறுவது, ஒரு கை ஒரு கால் விழுவது. பார்வை மங்குவது. தலையில் அடிபட்ட பின் வருவது. 50 வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பிப்பது. கர்ப்பிணிக்கும், பிரசவம் ஆன புதிதிலும் கடுமையாக வருவது. இதற்கெல்லாம் பற்றும் இல்லை, பயிற்சியும் இல்லை. உடனே பெரிய ஆஸ்பத்திரி. 108-க்குப் போன் போடுங்கள்.

என் பேரேட்டின் மீதியையும் சொல்லிவிடுகிறேன். ரெண்டாவது மாதம் வலி 17 நாள், மாத்திரை 8 நாள். மூன்றாவது மாதம் வலி 11, மாத்திரை 4. ஆறாவது மாதம் வலி 5, மாத்திரை 2. முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். தீபாவளித் தையல் நேரத்தில் மறுபடி எட்டிப் பார்க்கிறது. ஆனால் இப்போது அது எந்தக் கரை உடைந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். கணக்கு வேலையை விடவில்லை. அதற்குப் பிறகு பேரேட்டில் உதைப்பும் இல்லை.

கடைசியாக இந்தக் கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள்.

முன்னெல்லாம் நம்ம பக்கம் மிராசுதார் வீடுகளில் கணக்குப்பிள்ளை மேசை என்று ஒன்று இருக்கும். தரையில் உட்கார்ந்து எழுதத் தோதாக, மேல்பலகை சாய்வாக வைத்த சின்னப் பெட்டி. பண்ணைக் கணக்கு எழுதின ஆம்பளைக்கு அந்த மேசை இருந்தது. இன்றைக்கு லட்சக்கணக்கில் கடன் வரவு செலவு எழுதுகிற நம்ம பெண்களுக்கு மடிதான் மேசை. ஒவ்வொரு குழுவுக்கும் அப்படி ஒரு சாய்வுப் பலகை செய்து கொடுக்கணும். ஊர் ஆசாரியிடம் சொன்னால் செய்துவிடுவார். ரெண்டாவது, மாதக் கூட்டத்தில் கடன் பேசி முடித்ததும் ஐந்து நிமிஷம் எல்லாரும் எழுந்து இந்தப் பயிற்சியைச் செய்யணும். மூன்றாவது, யாருக்கு அடிக்கடி தலை வலிக்கிறது என்று பக்கத்தில் இருக்கிறவரைக் கேட்கணும். இதற்குச் செலவே இல்லை.

ஏன் சொல்கிறேன் என்றால், போன பொங்கலுக்கு எங்க அம்மா வந்திருந்தார்கள். பழையபடி தலையில் துணி. உட்கார வைத்து, “எங்கேம்மா ஆரம்பிக்குது வலி?” என்று கேட்டேன். கையைப் பிடரியில் வைத்துக் காட்டினார்கள். கோழி பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தேன். சிரித்துச் சிரித்துச் செய்தார்கள். அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்கள்:

“நாப்பது வருஷமா வலிக்குது. எங்க வலிக்குதுன்னு இன்னிக்குத்தான் ஒருத்தி கேக்குறா.”

அக்கா தங்கைகளே, நம்ம அம்மாக்களை யாரும் கேட்கவில்லை. நாம் ஒருவரை ஒருவர் கேட்போம். இவ்வளவு நேரம் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததற்கு நன்றி. இப்போது எல்லாரும் ஒரு முறை தோளைச் சுழற்றிக்கொள்ளுங்கள், அடுத்தவர் பேச வரட்டும்.